கடைசியா கத்துனவனப் புடிக்காதே, பேராண்டி

வாடா, உக்காரு. மூஞ்சி இன்னாடா வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு? சர்வர் ராவெல்லாம் கத்துச்சா? கன்சோல்ல சரஞ்சரமா எழுத்து ஓடுச்சா? நீ இன்னா பண்ண, ரீஸ்டார்ட் பண்ண. பலே! சாட்சியை மொத ஊருக்கு அனுப்பிட்டு அப்புறமா பஞ்சாயத்து வெச்சிருக்கே.

அப்படிப் பாக்காதே. அம்பத்தூர் எஸ்டேட்ல சர்வர் ரூம் வாசல்ல நைட் வாச்மேனா குந்தினு இருந்தவன் நான். இஞ்சினியரு பசங்க போன்ல அழுததைக் கேட்டுக் கேட்டே பாதி படிச்சவன். உனக்கு +2-ல கவர்மெண்ட்டு குடுத்த லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்துச்சே, நம்ம சென்னை சி-டாக்ல பண்ணது. தொறந்து பாத்தியா? விண்டோஸ்ல படம்தானே பாத்தே.

கெர்னல் சொல்றதெல்லாம் மொத மெமரியிலதான் கெடக்கும். டிமெசேஜ் அடிச்சா கொட்டும். டிஸ்க்கே படுத்து, ரீட்-ஒன்லி ஆயிட்டப்புறம் லாக் ஃபைல்ல எப்படிடா எழுதும்? மெமரியில மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு. அதையும் ஆஃப் பண்ணி அழிச்சுட்ட. நல்லவேளை, வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போடவோ இன்னாவோ, ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கே. குடு இங்க. கண்ணாடி எங்கடா?

இதோ பாரு, கடைசி வரியில மைஎஸ்கியூஎல் ஒப்பாரி வெக்குது. நீயும் அதைத்தான் ரவுண்டு கட்டி அடிச்சிருப்பே. குழாயடி சண்டையில கடைசியா கத்துற ஆளாடா மொத குடத்தை நகத்துனது? மேல போ. அடைப்புக்குறிக்குள்ள 86412-ன்னு இருக்குதா? மிஷின் எழுந்து அத்தனை செகண்டு ஆச்சுன்னு கணக்கு. 86400 ஒரு நாளு. அப்போ முந்தாநேத்து ஆன் பண்ணி, சரியா ஒரு நாள் கழிச்சு ஆரம்பிச்சிருக்கு. அந்த நேரத்துக்கு அந்த ரூமுக்குள்ள யாரு போனா? ஏசி மெக்கானிக்கா? அதைக் கேட்டியா நீ?

அந்த மொத வரி இன்னா சொல்லுது? 'ஏடிஏ1, ஹார்டு ரீசெட்டிங் லிங்க்.' அடுத்தது, சாட்டா வேகத்தை 3.0 ஜிபிபிஎஸ்ஸுக்குக் கொறைக்கிறேங்குது. அப்புறந்தான் ஐ-ஓ எரரு, அதுக்கும் கீழ ஈஎக்ஸ்டி4 எரரு, ரீட்-ஒன்லி, ஒப்பாரி. உங்க மேனேஜரு புது டிஸ்க்குக்கு கொட்டேஷன் கேட்டுட்டாரா? அதுக்குள்ளவா! ஸ்மார்ட்சிடிஎல் போட்டுப் பாரு, டிஸ்க்கோட நெலமையை நம்பர் போட்டு வரிசையா சொல்லும். 5-ம் நம்பரும் 197-ம் ஏறிக்கினே போனா டிஸ்க்கு தேஞ்சுபோச்சு, கொட்டேஷன் கேளு. அதுங்க சும்மா இருக்க, 199 மட்டும் ஏறுச்சுன்னா முக்காவாசி கேபிளு. நூறு இருநூறு ரூபா சமாச்சாரம்.

இந்த சிஸ்லாக்னு ஒண்ணு இருக்கே, 1980-கள்ல பெர்க்லியில எரிக் ஆல்மன்னு ஒருத்தரு தன்னோட சென்ட்மெயிலுக்காகப் பண்ணது. சேதி எவ்ளோ அவசரம்னு 0-ல இருந்து 7 வரைக்கும் படி வெச்சிருக்கு. 0 வந்தா மிஷினே மல்லாந்துடுச்சு, 7-ன்னா வெறும் வளவளப்பு. நீ 6-ஐப் பாத்து பயப்படுறே, 3-ஐப் பாத்தா கொட்டாவி விடுறே. பிரிண்டருக்கு இன்னா கேடுன்னு தெரியலேன்னா லினக்ஸு 'எல்பி0 ஆன் ஃபயர்'னு எழுதும். அதைப் படிச்சுட்டு தண்ணி பக்கெட்டு தேடுற ஆளு நீ.

உனக்கு முன்ன இருந்தவன் உன்னைவிட கில்லாடி. தொந்தரவா இருக்குதுன்னு 'டிமெசேஜ் மைனஸ் என் 1' போட்டு கன்சோல் வாயைக் கட்டிட்டுப் போனான். ஆறு மாசம் நிம்மதி. அந்த நிம்மதிக்கு உங்க கம்பெனி அவனுக்கு அவார்டு வேற குடுத்துச்சு.

டீ ஆறுது, குடி. குடிச்சுட்டு வானகரம் ரோடு புடிச்சு அம்பத்தூர் போ. பேக்கப்பு இருக்குதான்னு மொத பாரு, அப்புறம் 199 மட்டும் ஏறியிருந்தா கேபிளை மாத்து, அப்புறந்தான் ஃபைல் சிஸ்டத்தை சரி பாக்க எஃப்எஸ்சிகே. மாத்துனப்புறமும் 199 சைபருக்கு வராது, நின்ன எடத்துலயே நிக்கும். அதுக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு போன் போட்டே, உங்க ஆயாகிட்டதான் குடுப்பேன்.