ரோஜர்ஸ் துரைக்கு ஒரு போல்ட் துவக்கு

யானை, காட்டெருமை என்று பெரிய உருப்படிகளுக்காகத் துவக்கு செய்யக் கொடுப்பவர்கள் முதலில் மண்டையைப் பிய்த்துக்கொள்வது எந்த போல்ட் என்பதில்தான்; போல்ட் என்றால் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு. குழல் எவ்வளவு நீளம், கட்டைக்கு எந்த மரம் என்பதெல்லாம் அப்புறம். இந்தத் தலைவலி எதுவுமே இல்லாமல் 1,400 யானைகளுக்கு மேல் கணக்கு முடித்த ஒரு மகானுபாவர் பதுளையில் இருந்தார். மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். உதவி அரசாங்க அதிபர் அவர், மாவட்ட நீதவானும் அவர், இலங்கை ரைபிள் படையின் மேஜரும் அவரே. நாற்காலி மூன்று, ஆள் ஒன்று. வழக்கு விசாரித்து, வரி வசூலித்து, மிச்ச நேரத்தில் இத்தனை யானை எப்படி என்று எந்தக் கணக்காய்வாளரும் கேட்கவில்லை. இந்த 1,400 எமர்சன் டெனன்ட் இலங்கை பற்றிய தன் நூலில் 1859இல் அச்சேற்றிய கணக்கு. 2011இல் தீவு முழுவதும் எண்ணியபோது தேறிய யானைகளே 5,879தான்.

துரையின் காலத்துத் துவக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற சாதி. மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து, பின்பக்கம் கேப்பை மாட்டி முடிக்கும்வரை யானை பொறுமையாக நிற்க வேண்டும். யானைகளுக்கு அந்தப் பண்பு கிடையாது. இரட்டைக்குழல் என்றால் இரண்டு வெடி, அதோடு சரி. அதனால் துரைமார் தமக்குப் பின்னால் ஆட்களை நிறுத்திவைத்தார்கள். துரை சுடுவார், கையைப் பின்னால் நீட்டுவார், கெட்டித்த அடுத்த துவக்கு அந்தக் கையில் வந்து விழும். அந்த ஆள் பயந்து ஓடிவிட்டால் வேட்டைக்காரரின் வீரமும் அவனோடு சேர்ந்து ஓடிவிடும். ஆக, துரையின் போல்ட் என்பது இரண்டு கால்களோடு, சம்பளத்துக்கு நின்ற ஒரு மனிதன். வேட்டைப் புத்தகங்களில் யானைக்குக் கூட உயரம், நீளம் எல்லாம் உண்டு. இந்த மனிதனுக்கு அநேகமாகப் பெயர்கூட இல்லை.

1844 வாக்கில் பிரஷ்ய இளவரசர் வால்டெமாரின் வைத்தியர் ஹோஃப்மைஸ்டர் இந்தப் பக்கம் வந்துபோனார். பதுளையில் துரையின் வீடெல்லாம் தந்தம் என்று எழுதிவைத்தார். இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை சொற்பம்; ஆகவே, செத்ததில் பெரும்பகுதி எதற்காகச் செத்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேடிக்கை அதுவல்ல. அந்த வைத்தியருடைய நாட்டுப் படைக்காகத்தான் 1841 முதல் ட்ரெய்ஸ் என்பவரின் போல்ட் துவக்கு ரகசியமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. பின்வழியாகத் தோட்டா போடலாம், படுத்தபடியே சுடலாம். கொஞ்சம் வாயு கசிந்து சுடுகிறவர் முகத்தைப் பதம் பார்க்கும் என்பது வேறு கதை. துரை கேட்டிருக்க மாட்டார், விருந்தாளியும் சொல்லியிருக்க மாட்டார். போல்ட் துவக்குக்கே பின்னாளில் சக்கரவர்த்தியான பால் மவுசருக்கு அப்போது ஆறு வயது.

சரி, இன்றைக்கு துரை எழுந்து வந்து ஆர்டர் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு என் சிபாரிசு 1898ஆம் ஆண்டு மவுசர்தான். காரணம் ஒரு சின்னக் கொக்கி. போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒட்டியிருக்கும். பெட்டியிலிருந்து தோட்டா மேலெழும்போதே அதன் பின் விளிம்பு இந்தக் கொக்கிக்குள் நழுவிச் செருகிக்கொள்ளும். துவக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா விழாது. மற்றச் சாதியில், அதாவது வெறுமனே முன்னால் தள்ளிவிடுகிற போல்ட்டில், கை நடுங்கி, முழுதாகப் பூட்டாமலே பின்னுக்கு இழுத்தால் உள்ளே ஒரு தோட்டா இருக்க இன்னொன்று வந்து முட்டிக்கொள்ளும். மான் வேட்டையில் அது சங்கடம். யானைக்கு முன்னால் அது மரண அறிவித்தல். ஒரு குறை: மவுசரின் பழைய பாதுகாப்புச் சாவி போல்ட்டின் வாலில் நெட்டுக்குத்தாக எழும்பி நிற்கும், தொலைநோக்கி பூட்டினால் இடிக்கும். அதை மாற்றிச் செய்யத் தனிக் கூலி.

யானைக்கான தோட்டா ரகங்களில் .416 ரிக்பி 1911இல் வந்தது, .375 ஹாலண்ட் 1912இல். இரண்டும் நீளமான தோட்டாக்கள். எனவே போல்ட்டும் நீளமாக வேண்டும். ‘பெல்’ என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் சின்னஞ்சிறு 7 மில்லிமீற்றர் மவுசர் ரவையாலேயே நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அவர் யானை மண்டையை அறுத்துப் பார்த்துப் படித்தவர். அதைப் பார்த்து எவரும் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

துரைக்கு இந்த ஆலோசனை கிடைக்குமுன் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்தது. வயது 41. மழை விட்டதா என்று பார்க்க வாடிவீட்டு விறாந்தைக்கு வந்தாராம். இடிக்குக் கெட்டிக்க வேண்டிய மருந்து கிடையாது, பின்னால் ஆள் நிற்க வேண்டியதில்லை, ஒரே வெடி. நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையிலும் இடி விழுந்ததாகச் சொல்வார்கள். மேலே உள்ளவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை போலும். பதுளையில் அவர் நினைவாக 1857இல் சென் மார்க் தேவாலயம் எழுந்தது. எல்லாத் தரத்து நண்பர்களும் சேர்ந்து கட்டியது என்று அதற்குள் கல்வெட்டு உண்டு. யானைகள் சந்தா கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மவுசரைக் கரைத்துக் குடித்தவர்கள் பதுளை இருக்கும் ஊவாவுக்கு வந்தது 1900இல். தென்னாபிரிக்காவில் அந்தத் துவக்காலேயே பிரித்தானியரை ஓடவிட்ட, டச்சு வம்சாவளிப் போயர்கள், ஆயிரக்கணக்கில், கைதிகளாகத் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டார்கள். துவக்குகளை மட்டும் விட்டுவிட்டு வந்தார்கள், பாவம். போர் முடிந்ததும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எங்கல்பிரெக்ட் என்ற போயர் மாட்டேன் என்று இங்கேயே தங்கிவிட்டார். விசுவாசம் இல்லாத மனிதரை என்ன செய்வது? யால சரணாலயத்தில் மிருகங்களைப் பாதுகாக்கிற வேலையைக் கொடுத்தார்கள், அவரும் ஒழுங்காகப் பார்த்தார். முதலாம் உலகப் போர் வந்ததும் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்கு இறைச்சி அனுப்பினார் என்று சொல்லி அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.