தபால் செலவு எவ்வளவுன்னு சொல்லுங்க எசமான்

பதிப்பாளருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பாருங்க தாத்தான்னு குடுத்தியே, அந்தக் கடுதாசியப் படிச்சேன் தாயி. 'பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்'னு ஆரம்பிச்சு, மன்னிப்புக் கேட்டே ரெண்டு பக்கம் ஓட்டியிருக்க. நாவலப் பத்தின பேச்சு மூணாம் பக்கத்துலதான் வருது. அதுக்குள்ள அந்த மனுசன், ஏதோ அடிதடிக் கேஸு போலன்னு வக்கீலத் தேடிப் போயிருப்பான்.

விக்டோரியா ராணி காலத்துல, இங்கிலாந்துல யார்க்ஷயர் சீமையில ஹாவொர்த்னு ஒரு மேட்டுக் கிராமம். அங்க பாதிரியார் மக, சார்லட் பிராண்டின்னு பேரு. பதிப்பாளருக்குக் கடுதாசி எழுதுறதுன்னா அந்தப் புள்ளகிட்டத்தான் கத்துக்கணும். எழுதக் கூடாததையும் அதுகிட்டயே கத்துக்கலாம்.

1846-ல அக்கா தங்கச்சி மூணு பேரும் கர்ரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல்னு, ஆம்பளையா பொம்பளையான்னு பிடிபடாத பேரா வச்சுக்கிட்டு, கைக்காசு 31 பவுண்டு 10 ஷில்லிங் கட்டிக் கவிதைப் புஸ்தகம் போட்டாங்க. ஒரு வருசத்துல வித்தது ரெண்டே ரெண்டு. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? பொட்டி செய்யறவங்க உள்ள ஒட்டுறதுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு வச்சுக்கோங்கன்னு எழுதி, கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்துக்கும் டென்னிசனுக்கும் இனாமா அனுப்பிருச்சு. நீயா இருந்தா முகநூல்ல தமிழ்ச் சமூகத்தையே சபிச்சிருப்ப.

அடுத்து 'புரொபசர்'னு ஒரு நாவல். கம்பெனி கம்பெனியாப் போயித் திரும்பித் திரும்பி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அதே உறைதான். பழைய விலாசத்த அடிச்சிட்டுக் கீழ புது விலாசம். 1847 ஜூலையில லண்டன் கார்ன்ஹில் தெருவுல ஸ்மித் எல்டர் கம்பெனிக்குப் போய்ச் சேந்தப்ப, முதலாளி ஜார்ஜ் ஸ்மித்துக்கு 23 வயசு. உறையப் பாத்தா, அடிச்ச பேரெல்லாம் பளிச்சுனு தெரியுது. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, இதுக்கு முன்னாடி வேண்டாம்னு போனவுக பட்டியலையும் காப்பித் தட்டோட சேத்து நீட்டுன மாதிரி.

அவங்களும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஆனா வில்லியம்ஸ்னு அங்க கையெழுத்துப் பிரதி படிக்கிற பெரிய மனுசன், ஏன் வேண்டாம்னு ரெண்டு பக்கம் மரியாதையா எழுதி, மூணு பாகத்துல ஒண்ணு இருந்தா அனுப்புங்கன்னு முடிச்சாரு. மூணு பாகம் எதுக்குன்னா, அப்ப ஒரு நாவல் வெல 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாமானியன் வாங்க முடியாது, வாடகைக்கு விடுற நூலகம்தான் வாங்கும். கத மூணு துண்டா இருந்தா ஒரே நேரத்துல மூணு வீட்டுக்கு வாடகைக்கு விடலாம் பாரு. இலக்கிய வடிவம் எங்கேருந்து பொறக்குதுன்னு விமர்சகன் யாராவது கேட்டா, இதச் சொல்லிப் பாரு.

ஆகஸ்ட் 24-ல 'ஜேன் ஐர்' கட்டு ரயில்ல போச்சு. கூடப் போன கடுதாசியில கும்பிடும் இல்ல, குழைவும் இல்ல. எங்க சின்ன ஸ்டேசன்ல பார்சல் கூலி முன்கூட்டி வாங்க மாட்டேங்கிறாங்க, நீங்க எவ்வளவு கட்டுனீங்கன்னு சொன்னா தபால்தலையா அனுப்பிடுறேன். இனிமே கர்ரர் பெல்லுக்கு எழுதுறத மிஸ் பிராண்டி மேற்பார்வைன்னு போடுங்க. அவ்வளவுதான் விசயம். உலகப் பிரசித்தி ஆகப்போற நாவலோட கூடவே கூலிக் கணக்கு!

ஸ்மித்துப் பையன் ஒரு ஞாயித்துக்கெழமை காலையில எடுத்தான். சிநேகிதனோட குதிரையில போறதா இருந்தத ரத்து பண்ணி, மத்தியானம் சாண்ட்விச்ச மென்னுக்கிட்டே படிச்சு, படுக்கப் போறதுக்குள்ள முடிச்சான். அப்புறம் 100 பவுண்டு தர்றோம்னு எழுதுனாங்க.

இங்கதான் தாயி காதத் தீட்டிக்கணும். அந்தப் புள்ள முன்னாடி ஒரு வீட்டுல புள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி வாங்குன சம்பளம் வருசம் 20 பவுண்டு. துணி வெளுக்குறதுக்கு அதுலயும் 4 பிடிச்சுக்கிட்டாங்க. 100-ன்னா அஞ்சு வருசச் சம்பளம். நீயா இருந்தா ஏந்திக் கண்ணுல ஒத்தியிருப்ப. அது எழுதுன பதில் என்ன தெரியுமா? ஒரு வருச மூளை உழைப்புக்கு இது சின்னத் தொகைதான். ஆனாலும் நீங்க நெனைக்கிறதவிடப் புஸ்தகம் நல்லாப் போனா மேற்கொண்டு தருவீங்கன்னு உங்க பெருந்தன்மைய நம்பி ஒத்துக்கிறேன். பெருந்தன்மைன்னு சொல்லியே கழுத்துல கயிறு போட்டாச்சு! அங்கிட்டும் இங்கிட்டும் திருத்தச் சொன்னதுக்கும், சூடு ஆறின பிறகு கைவச்சா இருக்கறதும் கெட்டுப்போகும்னு மறுத்திருச்சு. அக்டோபர்ல புஸ்தகம் வந்து அடிச்சுக்கிட்டுப் போச்சு. கம்பெனியும் தொகைய 500 ஆக்குச்சு.

அதுக்கப்புறந்தான் சிக்கல். 1848-ல ஆன்ங்கிற தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு ராத்திரி ரயிலேறி லண்டன் போயி, ஸ்மித் எழுதுன கடுதாசிய அவன் கையிலயே குடுத்து, நாந்தான் கர்ரர் பெல்லுன்னு நின்னுச்சு. அடுத்தடுத்த வருசங்கள்ல லண்டன் போறப்ப அவுக வீட்டுலயே தங்கல், அவுக அம்மா உபசாரம். ஊருக்குப் பொட்டி பொட்டியாப் புஸ்தகம். கம்பெனி ஆள் ஜேம்ஸ் டெய்லருக்கும் அந்தப் புள்ள மேல ஒரு கண்ணு. இது மசியல, 1851-ல அவன் கம்பெனி வேலையா நம்ம பம்பாய்க்குக் கப்பலேறிட்டான். முதலாளிக்கு எழுதுற கடுதாசியிலயோ கேலி வழியுது. 'புரொபசர்' ஒன்பது தடவ திரும்பி வந்த கௌரவத்த அடைஞ்சிருச்சு, அதுல மூணு உங்க பங்கு. குடுத்தா சுருட்டுப் பத்த வைக்கக் கிழிச்சிருவீங்க, என் அலமாரியிலயே பூட்டி வச்சுக்கிறேன்னு எழுதுச்சு. (1857-ல, அது செத்த பிறகு, அதே கம்பெனி அதே நாவல அச்சடிச்சுது. பேருக்கு வெல வந்துட்டா பழைய குத்தமெல்லாம் மறந்துபோகும்.)

அடுத்த நாவல் 'ஷெர்லி'க்கு 500 பவுண்டு. அடுத்து 'வில்லெட்'டுக்கும் 500-தான். அப்பா 700 வரும்னு கணக்குப் போட்டிருந்தாரு. 1852 டிசம்பர்ல பண ரசீது வந்துச்சு. கூட ஒரு வரி கடுதாசி இல்ல. அந்தப் புள்ள கலங்கிப்போயி லண்டனுக்கு ரயிலேறப் பாத்துச்சு. மறுநாள் ஸ்மித் கடுதாசி வந்தப்புறந்தான் நின்னுச்சு. 200 கொறைஞ்சதுக்கு இல்ல தாயி, அந்த ஒரு வரி வராததுக்கு! முகம் தெரியாதப்ப 100-க்கு அவ்வளவு பேசுன வாயி, முகம் பழகுனதும் பேரத்த மறந்துபோச்சு. 'வில்லெட்'ல வர்ற டாக்டர் ஜான் யாருன்னு நெனைக்கிற? சாட்சாத் ஸ்மித்தேதான். டாக்டரோட அம்மா, ஸ்மித்தோட அம்மா.

மறுவருசம் ஸ்மித் வேற ஒரு பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிக்கிட்டான். வாழ்த்து எழுதுச்சு நம்ம புள்ள. பெரிய சந்தோசத்துக்கும் பெரிய துக்கத்துக்கும் வார்த்தை கொறைச்சலா இருக்கணும்னு சொல்லி, நாலு வரியில கடைய மூடிருச்சு.

அதனால உன் பதிப்பாளன் புஸ்தகம் அனுப்புனா வாங்கிப் படி. டீ வாங்கிக் குடுத்தா குடி. அவுக அம்மா சாப்பிடக் கூப்பிட்டா மட்டும், மொதல்ல ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டு, அப்புறமாப் போயி எலையில உக்காரு.