கேணலுக்குக் கிடைக்காத சண்டை

ரொறன்ரோவின் கென்சிங்ரன் சந்தைக்கு மீன் வாங்கப் போய், கார் விட இடம் கிடைக்காமல் சுற்றுகிறவர்கள் டெனிசன் அவெனியூ, டெனிசன் சதுக்கம், பெல்வியூ என்று ஒவ்வொரு பலகையாகப் பார்த்துத் திட்டுவார்கள். திட்டு சரியான விலாசத்துக்குத்தான் போகிறது. அந்தக் காணியெல்லாம் டெனிசன் குடும்பத்தினுடையது. மேற்கே இருக்கும் டோவர்கோர்ட், ரஷ்ஹோம் என்பவையும் அவர்களுடைய வீடுகளின் பெயர்கள்தான். தெருவுக்குத் தெரு பெயர் கொடுத்த குடும்பத்துக்கு ஆண்பிள்ளைக்குப் பெயர் வைக்கத்தான் பஞ்சம். தாத்தா ஜோர்ஜ் ரெய்லர் டெனிசன், அப்பாவும் ஜோர்ஜ் ரெய்லர் டெனிசன், 1839ல் பிறந்த எங்கள் கதாநாயகன் கேணலும் ஜோர்ஜ் ரெய்லர் டெனிசன்.

தாத்தா 1822ல் தொடங்கிய குதிரைப்படை, பேரனுக்குக் கிட்டத்தட்ட முதுசொம். பேரன் ட்ரினிற்றி கல்லூரியில் சேர்ந்தார். அடங்காப்பிடாரி என்று வெளியே அனுப்பினார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1861ல் அப்புக்காத்து ஆனார். கறுப்பு அங்கி வயிற்றுக்கு, வாள் மனசுக்கு. ஒரு குறைதான்: சண்டை வரவில்லை.

பக்கத்து நாடான அமெரிக்காவில் மட்டும், வடக்குக்கும் தெற்குக்கும் இடையில் தாராளமாக நடந்தது. டெனிசனுக்கு வடக்கின் யாங்கிகளைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆகவே மகாராணியின் பரம விசுவாசி, அமெரிக்கத் தெற்கின் கலகக்காரருக்குத் தோழரானார். இன்று ரோயல் யோர்க் ஹோட்டல் நிற்கும் இடத்தில் அப்போது குயின்ஸ் ஹோட்டல். தெற்கின் உளவாளிகள் அங்கே அறை போட்டிருந்தார்கள். விருந்துக்கு டெனிசன் வீடு. ஜோர்ஜியன் என்ற நீராவிக் கப்பலை ஏரிச் சண்டைக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று அமெரிக்கா சந்தேகித்தபோது, கப்பல் என்னுடையது என்று முன்னால் வந்து நின்றார் இவர். குதிரைப்படைக்காரருக்குக் கப்பல் எதற்கு என்று கனடிய அரசாங்கமும் யோசித்திருக்க வேண்டும். 1865ல் பறித்துவிட்டது.

1866 ஜூனில் சண்டை வீடு தேடியே வந்தது. அயர்லாந்து விடுதலைக்காகக் கனடாவைப் பிடிக்கலாம் என்ற விசித்திரக் கணக்கோடு, ஃபீனியன்கள் என்ற ஐரிஷ் போராளிகள் அமெரிக்காவிலிருந்து நயாகரா ஆற்றைக் கடந்தார்கள். ரிட்ஜ்வேயில், குதிரைப்படை வருகிறது என்று யாரோ கத்த, கனடியத் தொண்டர்கள் சதுரம் கட்டி நின்றார்கள். எதிரியிடம் அப்படி ஒரு குதிரைப்படையே இல்லை. நெருக்கி நின்றவர்கள் மேல் குண்டு விழ, அணி சிதறி ஓடியது. இல்லாத குதிரைப்படை தோற்கடித்த இந்தச் சண்டையில், உண்மையான குதிரைப்படையோடு இருந்த டெனிசன் இல்லை. மறுநாள் காலை ஃபோர்ட் ஈரிக்குள் அவர் நுழைந்தபோது ஃபீனியன்கள் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தார்கள். அதே வருஷம் அந்தப் படையெடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்.

எழுத்தில் ஆள் சோடை போகவில்லை. வாளையும் ஈட்டியையும் விட்டுத் துப்பாக்கிக்கு மாறுங்கள் என்று 1868லேயே குதிரைவீரருக்குச் சொன்னார். அது யாங்கிகளின் போரைப் பார்த்துப் படித்த பாடம் என்பது வேறு கதை. குதிரைப்படை வரலாற்றுக்கு ரஷ்யச் சக்கரவர்த்தி பரிசு அறிவித்ததும் சென் பீற்றர்ஸ்பேர்க் வரை போய் நூலகம் கிண்டி, 5000 ரூபிள் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தார். நடுவில் 1872ல் அல்கோமாவில் தேர்தல் கேட்டுத் தோற்றார். ஆறுதலுக்கு, குடியேற ஆள் பிடிக்கும் வேலை கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். கனடாவுக்கு ஆள் சேர்த்த முன்னோடி ஏஜென்சிக்காரர்!

1877ல் ரொறன்ரோவில் பொலிஸ் நீதவான் கதிரை கிடைத்தது. 1885ல் கனடாவின் வடமேற்கில் கலகம் என்றதும் திரும்பவும் குதிரை ஏறினார். ஹம்போல்ட் என்ற இடத்தில் நிறுத்தி வைத்தார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள், காத்திருந்தார்கள், பெரிய சண்டை வேறு இடத்தில் நடந்து முடிந்தது. வீட்டில் இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல்: தம்பி ஃபிரெடெரிக்கும் அப்புக்காத்துத்தான், ஆனால் அவர் கனடியப் படகோட்டிகளோடு நைல் நதிப் போருக்கே போய்விட்டார்.

டெனிசனின் பாய்ச்சல் முழுவதையும் வாங்கியது கோட்டில் நின்ற குடிகாரர்கள்தான். 180 நிமிடத்தில் 250 வழக்கு முடித்தார் என்பது அவருடைய புகழ். கணக்குப் போட்டால் ஆளுக்கு 43 வினாடி. பெயரைக் கூப்பிட்டு, ஆள் ஆடி அசைந்து கூண்டுக்கு வருவதற்குள் பாதி போய்விடும். மிச்சத்தில் குற்றச்சாட்டு, சாட்சி, அபராதம் அல்லது மறியல். அப்புக்காத்துமார் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பிடிக்காது. தன்னுடையது நீதிக்கான மன்றம், சட்டத்துக்கான மன்றம் இல்லை என்பது அவர் வாதம். முந்திய தீர்ப்புகள் தன் அபிப்பிராயத்தோடு ஒத்துப்போனால் மட்டும் மரியாதை. பத்திரிகைக்காரர் இதைத் தினமும் நகைச்சுவைப் பத்தியாக எழுத, சுற்றுலா வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துப் போனார்கள். சிரித்தவர்களில் கூண்டில் நின்றவர்கள் இல்லை.

44 வருஷம் இப்படியே ஓட்டி, எண்பது தாண்டி 1921ல் இறங்கினார். அதற்கு முந்திய வருஷம் நீதவான் நினைவுகள் என்று இன்னொரு புத்தகம். அதில் ஐரிஷ்காரரும் கறுப்பினத்தவரும் கேலிப் பாத்திரங்களாக வரிசையில் வந்து போகிறார்கள். அங்கேயும் அவர்களுக்கு 43 வினாடிதான்.