தோப்புக்கு எந்த ஜீப், ரோட்டுக்கு எந்த ஜீப்?

கேள்வி: என்னிடம் இருப்பது 2012 மாடல் மகிந்திரா தார், ஃபோர் வீல் டிரைவ். 2027-ல் ஆர்.சி. முடிகிறது. புதுத் தாருக்கு மாறலாமா, இதையே வைத்துக்கொள்ளலாமா?
– முந்திரி விவசாயி, காடாம்புலியூர்

பதில்: சேஸிஸ் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் போடும் இன்னொரு சின்னக் கம்பி இருக்கிறதே, அதை வருடத்தில் எத்தனை நாள் தொடுகிறீர்கள்? முந்திரி பொறுக்குவது பங்குனி, சித்திரை, வைகாசியில். அப்போது செம்மண் காய்ந்து கிடக்கும். குட்டி யானையே தோப்புக்குள் போய் மூட்டை ஏற்றி வந்துவிடும். நான்கு சக்கரமும் இழுத்தால்தான் ஆச்சு என்கிற நாட்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்ச நாளுக்குப் பழைய ஜீப் தாராளமாகப் போதும்.

செலவையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் டீசல் இன்ஜினும் உள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. தாரில் அந்தச் சலுகை, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 1.5 லிட்டர் டீசலுக்குத்தான். ஃபோர் வீல் டிரைவில் வரும் டீசல் 2.2 லிட்டர். அதற்கு 40 விழுக்காடு. அந்த முன் அச்சு இழுப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிறகு தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 விழுக்காடு. 15 லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம்! உங்கள் ஜீப்புக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரியும், எஃப்.சி. காட்டும் முன் டிங்கரிங், பெயின்ட் செலவும் தனி. எல்லாம் சேர்ந்தாலும் அந்த வரியின் பக்கத்தில் வராது. அடுத்த ஐந்து வருடத்துக்குக் கவலையும் இல்லை.

கேள்வி: சேஸிஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறார்களே!
– கடலூர் முதுநகர்

பதில்: கடற்கரை ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. உப்புக் காற்று மேலே பாடியைத் தின்பது கண்ணுக்குத் தெரியும். அடியில் தின்பது தெரியாது. ஒர்க்‌ஷாப் குழியில் வண்டியை நிறுத்தி, ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரால் சேஸிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பின் சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், பாடியைத் தாங்கும் போல்ட்டுகளைச் சுற்றி. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துருப்பிடித்தது மொத்தையாகக் கேட்கும், சில சமயம் நுனி உள்ளேயே போய்விடும். உள்ளே போனால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இன்ஜினுக்கு ரீபோர் உண்டு, கிளட்ச் பிளேட் மாற்றலாம், டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பேரிங் போடலாம். முதுகெலும்பு உளுத்த ஜீப்புக்கு வெல்டிங் வைத்துக் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

கேள்வி: பத்து வருடம் ஆன டீசல் வண்டியை ஓட்டவே கூடாதாமே?
– வடலூர்

பதில்: அது டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலும் உள்ள கட்டுப்பாடு. வடலூரில் உங்கள் வண்டிக்கு 15 வருடம் பதிவு உண்டு, பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கலாம். இந்தப் பேச்சைச் சொல்லி விலையைக் குறைக்கும் புரோக்கரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய தாரில்தான் மாமனார், மாமியாரைச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். பிள்ளைகள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வருவார்கள். ஜீப் உறுதியானது, ஒன்றும் ஆகாது என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா?
– குடும்பத் தலைவி, பண்ருட்டி

பதில்: சரியில்லை அம்மா. இந்த வாரம் வந்த கேள்விகளில் நான் அதிக நேரம் யோசித்தது உங்களுடையதைத்தான்.

முதலில் வந்த தார், 2010 மாடல், காட்டுக்கும் மேட்டுக்கும் செய்த வண்டி. காற்றுப்பை கிடையாது. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், அதன் கடைசிக் காலமான 2019-ல்தான் வந்தது. பின்னால் இருப்பது பக்கவாட்டில் பார்த்த பெஞ்சு. வண்டி முன்னால் மோதும்போது அதில் இருக்கும் பிள்ளையைத் தாங்க எதிரே ஒன்றுமே இல்லை. கனமான இரும்பு நொறுங்காமல் நின்றால், மோதலின் வேகம் முழுவதும் உள்ளே இருப்பவர் உடம்புக்குத்தான் போய்ச் சேரும். நொறுங்க வேண்டிய முன்பகுதி நொறுங்கி, ஆள் உட்காரும் இடம் நிற்பதுதான் பாதுகாப்பு. உங்கள் வீட்டுக்காரர் நினைக்கும் உறுதி வேறு, உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய உறுதி வேறு.

2020 அக்டோபரில் வந்த புதுத் தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ், பாரத் என்கேப்பில் ஐந்து. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. முன்னால் பார்த்த இருக்கை, எல்லோருக்கும் பெல்ட், காற்றுப்பை, ஏபிஎஸ், மாமியார் கால் தூக்கி ஏறாமல் உட்காரும் உயரம், இவை உள்ள ஒரு சாதாரண கார் போதும். ஐந்து வயதுப் பழைய காராக இருந்தாலும் பரவாயில்லை. ஜீப் தோப்புக்குப் போகட்டும். கார் வரும் வரை பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துப் போங்கள். இதை உங்கள் வீட்டுக்காரருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஃபோர் வீல் போட்டும் வயல் வழியில் சிக்கிக்கொள்கிறது. புது வண்டி என்றால் சிக்காதா?
– காட்டுமன்னார்கோயில்

பதில்: உங்கள் களிமண்ணில் புதியதும் சிக்கும். டயர் பட்டன் இடைவெளியில் களி அடைத்துக்கொண்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: டிஃபரென்ஷியல் லாக் இல்லாத வண்டியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பிடியை விட்டுவிட்டால் இழுவை முழுக்க அந்த இரண்டுக்கே போய் அவை சும்மா சுற்றும். வண்டியை மாற்றும் முன் சேற்று டயர் போட்டுப் பாருங்கள். சேற்றில் இறங்கும் முன்பே ‘லோ’ போட்டு, ஒரே சீராக, நிறுத்தாமல் ஓட்டுங்கள். சிக்கிய பிறகு மிதித்தால் குழிதான் ஆழமாகும்.

கேள்வி: 1990-களின் மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலால் கெடுமா?
– சிதம்பரம்

பதில்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாயும் கார்புரேட்டர் கேஸ்கட்டும் அதற்காகச் செய்தவை அல்ல, ஊறும், விரிசல் விடும். அவற்றைப் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை. மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜிப்ஸியை விற்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளத்தில் ஃபோர் வீல் டிரைவ் போகுமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்ததைப் பார்த்த பிறகுமா? ஓடும் தண்ணீர் வண்டியைத் தூக்கிவிட்டால் எத்தனை சக்கரம் இழுத்தும் பயனில்லை. தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். கட்டியிழுத்துக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: தானே மாதிரி புயல் மறுபடி வந்தால் எந்த வண்டி கைகொடுக்கும்?
– முத்தாண்டிக்குப்பம்

பதில்: 2011 டிசம்பர் 30-ல் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து வழி முழுக்கக் கிடந்ததே, மரத்தைத் தாண்டும் ஜீப்பை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. மரம் அறுக்கும் மெஷின், நல்ல சங்கிலி, டீசல் நிரம்பிய டேங்க். இவை இருந்தால் பழைய ஜீப்பே ஊருக்கு வழி திறக்கும்.

கேள்வி: அப்பா தன் பழைய மகிந்திரா ஜீப்பை விற்க மறுக்கிறார். ஓட்டவும் முடியவில்லை. எப்படிப் பேசுவது?
– நெய்வேலி

பதில்: விலையைப் பேசாதீர்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று அவர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறமும் விற்க வேண்டுமென்றால், யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: விற்பது என்று முடிவாகிவிட்டது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– காடாம்புலியூர்

பதில்: பெயர் மாற்றத்தில். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும் வரை, வாங்கியவர் விபத்து செய்தால் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். வாங்குபவரோடு நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.