ரூல் அண்ணாச்சி

வாகைக்குளம் விமான நிலையத்தில் ஒலிபெருக்கி "வருந்துகிறோம்" என்று ஆரம்பித்ததும் எல்லார் முகமும் சுண்டிப்போகும். ரூல் அண்ணாச்சி முகம் மட்டும் மலரும். பாளையங்கோட்டைக்காரர். மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு கிலோ அல்வாவோடு சென்னைக்குக் கிளம்பியிருப்பார். 2025 ஜூலையில் திறந்த புது முனையத்தில், நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைவிட நல்ல நாற்காலி. அதில் சம்மணம் போட்டு உட்காருவார்.

"எதுக்குவே பதறுதீரு? காலையில எங்கயோ பனி பெய்ஞ்சிருக்கும். ஒரே விமானம் நாள் பூரா ஊர் ஊராச் சுத்துது. அங்க அரை மணி, இங்க முக்கா மணின்னு சேந்து சேந்து சாயங்காலம் நம்ம தலையில விழுது. அது இங்க வந்தாத்தான நாம போவ முடியும்?"

விளக்கம் இலவசம். அடுத்து, மடித்து வைத்த காகிதம் சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ரெண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணமென்றால் ரெண்டு மணி தாமதத்துக்குச் சாப்பாடு. இரவு எட்டுக்கும் அதிகாலை மூணுக்கும் நடுவில் கிளம்ப வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க அறை, போக வர வண்டி.

அன்றைக்குச் சாப்பாடு என்று ஒரு சாண்ட்விச் வந்தது. "இதையா சாப்பாடுன்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே தின்று முடித்தார். வேண்டாமென்ற பக்கத்து அம்மாளுடையதையும் வாங்கிப் பையில் வைத்தார். அல்வா டப்பா திறக்கப்படவில்லை.

அறை விஷயத்தில்தான் சிக்கல். "சார், நம்ம ஃபிளைட் ஏழரை மணிக்கு. ரூல் எட்டுலருந்துதான்" என்றது கவுண்டர்ப் பெண்.

"ஏழரையில டிக்கெட் போட்டா ஏழரை பிடிக்காம என்னம்மா செய்யும்?"

ஒரு கல்லூரிப் பையனுக்குப் பொறுக்கவில்லை. "2023 டிசம்பர் வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டப்ப சுமார் 800 பேரு தவிச்சுக் கிடந்தாங்க. ஊர்க்காரங்கதான் சமைச்சுப் போட்டாங்க. அங்க எந்த ரூல் இருந்தது?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அது மனுசன் குடுத்தது தம்பி, நாம கேட்டு வாங்க முடியாது. இது ரூல் குடுத்தது, கேக்காம விடப்பிடாது."

பத்தரை மணிக்கு, விமானம் நாளைக்குத்தான் என்றார்கள். எட்டு மணிக் கணக்கை யாரும் பேசவில்லை. அண்ணாச்சியிடம் இன்னொரு தரம் வாதாடத் தெம்பில்லாமல் அறையே கொடுத்துவிட்டார்கள். வண்ணார்பேட்டையில். அங்கிருந்து அவர் வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம்.

"வீட்டுக்கே போயிரலாமே அண்ணாச்சி?"

"வழியனுப்பி வச்ச வீட்டுக்கு ராத்திரி திரும்பப் போலாமா? அதும்போக, ரூம் சும்மால்லா கிடக்கும்!"

ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார். மத்தியானம் வைத்த சொதி மிச்சமிருந்தது. ஆச்சி மகனோடு பைக்கில் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தாள். கட்டிலைப் பார்த்தாள், குளியலறையைத் திறந்து பார்த்தாள், மடித்து வைத்த துண்டுகளை எண்ணிப் பார்த்தாள். மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வரவேற்பு மேசைக்குப் போன் செய்தாள்.

"தம்பி, காலை டிபன் ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?"