என்னையே யாருன்னு கேக்குது!

சாத்தான்குளத்தில் பட்டப்பகலில் தெருக்கதவு சாத்தியிருந்தால், வீட்டுக்காரர் ஊரில் இல்லை அல்லது சீட்டுக்காரர் வருகிற நாள் என்று பொருள். மற்ற நாட்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். செருப்பை நடையில் கழற்றிவிட்டு, "ஆள் இருக்கா?" என்று கேட்டபடியே அடுப்படி வரை வந்துவிடுவார்கள். பதில் கிடைப்பதற்குள் பானைத் தண்ணீரில் ஒரு செம்பு குடித்தாகியிருக்கும். இப்படிப்பட்ட வீட்டின் பட்டாசாலையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவரை "நீர் யார்?" என்று கேட்கிற ஒரே ஜீவன் எங்கள் லேப்டாப்.

ஆரம்பித்து வைத்தவர் பெரியப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்புரை ஆபரேஷன் முடிந்ததிலிருந்து, கல்யாண வீடியோவை உள்ளங்கையளவில் பார்க்க மாட்டேன் என்று அடம். லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன், "போன்ல ஓடுறத அப்படியே கம்ப்யூட்டர்ல காட்டலாம் தாத்தா" என்று சட்டைக் கையை மடித்தான்.

காட்டலாம்தான். 2012-ல் வைஃபை அலையன்ஸ் கொண்டுவந்த மிராகாஸ்ட் என்ற ஏற்பாடு அது. போனில் இருப்பதைத் தன் திரையில் வாங்கிக் காட்டும் வித்தையை விண்டோஸ் 2016-ல் கற்றுக்கொண்டது. 2020 மே மாத அப்டேட்டுக்குப் பிறகு அதுவும் தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தேடி, 'வயர்லெஸ் டிஸ்ப்ளே'யைத் தனியாக இறக்க வேண்டும். அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், 'புரொஜெக்டிங் டு திஸ் பிசி'. அங்கே வரிசையாகக் கேள்விகள். இந்தக் கம்ப்யூட்டர் யார் கண்ணில் படலாம்? வருகிறவரிடம் ஒவ்வொரு முறையும் கேட்கவா, முதல் முறை மட்டும் போதுமா? பின் நம்பர் வேண்டுமா? பையன் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பதில் சொல்லிவிட்டான். எங்கும் எவர் கண்ணிலும் படலாம், ஒரு தடவை கேட்டால் போதும், பின் நம்பர் வேண்டாம்.

"நம்ம வைஃபைக்குத்தான் பாஸ்வேர்டு இருக்குல்லா மாமா, எவன் வரப்போறான்?"

நன்றாகப் படித்தவர்களும் வழுக்கி விழும் இடம் இது. மிராகாஸ்ட் பெரும்பாலும் வீட்டு வைஃபை வழியாக வருவதே இல்லை. போனும் கம்ப்யூட்டரும் ரவுட்டரை ஒரு வார்த்தை கேட்காமல், வைஃபை டைரக்ட் என்ற முறையில் நேரடியாகக் கைகோத்துக்கொள்கின்றன. பாஸ்வேர்டு அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட எங்கள் தெருவில் அலைவரிசைக்கு எல்லைக்கல் கிடையாது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் ஒரு லேப்டாப் வைத்திருக்கிறார். புதுக் கம்ப்யூட்டர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பெயரைப் பார்த்திருப்பீர்கள்: 'லேப்டாப்', ஒரு கோடு, அதன் பின்னால் கீபோர்டில் பூனை நடந்ததுபோலச் சில எழுத்துகள். அவர் போனில் இரண்டு பூனைகளும் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. அவர் தொட்டது எங்கள் பூனையை.

குலசை முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு முந்தின வாரம். நான் ஜிஎஸ்டி கணக்கைத் திறந்து வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். கணக்கு மறைந்தது. திரை முழுக்க ஒரு வாட்ஸ்அப். அண்ணாச்சி தன் மகளுக்கு ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். 'குலசைக்கு வேன் சொல்லியாச்சு. 14 சீட்டு. பக்கத்து வீட்டுக்கு' என்று வந்தது. எங்கள் ஆச்சி வெற்றிலையை மடித்தபடி எட்டிப் பார்த்தாள். 'சொல்லி' என்று வந்து நின்றது. ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கமான மனுசன், சொல்லிருவோம்னு எழுதப் போறான்" என்றாள். கர்சர் சற்று நேரம் துடித்தது. பிறகு 'ராத' என்று முடிந்தது.

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. கொல்லைப்புறச் சுவரோரம் போய் நின்று, "ஏய்யா, இந்த வருசம் குலசைக்கு எப்படிப் போறிய?" என்றாள்.

"இன்னும் முடிவு பண்ணல ஆச்சி."

"ஏன், பதினாலு சீட்டு வேன் கெடைக்கலியோ?"

அண்ணாச்சி காளி வேஷத்துக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறவர். முத்தாரம்மனே ஆச்சி நாவில் வந்து கேட்டதாக நினைத்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வேனில் மூன்று சீட்டு ஒதுங்கியது.

அது சரி, முதல் தடவை கம்ப்யூட்டர் கேட்டிருக்குமே, 'சரி' என்று அழுத்தியது யார் என்று விசாரித்தேன். பெரியப்பா. "வீடு தேடி வந்தவன வேண்டாம்னு சொல்லுத பழக்கம் நம்ம குடும்பத்துல உண்டாலே?"

அன்று இரவு நானே செட்டிங்ஸில் உட்கார்ந்தேன். 'பாதுகாப்பான நெட்வொர்க்கில் மட்டும்' என்ற தேர்வு பெயரளவில் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது நம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு உள்ள வைஃபையில் இருக்கிறதா என்பதை மட்டுமே. வீட்டில் எப்போதும் இருக்கிறதே! சார்ஜரில் செருகியிருக்கும்போது மட்டும் கண்ணில் படலாம் என்று இன்னொன்று. கரண்ட் போனால் முழுப் பாதுகாப்பு. 2019 ஜனவரியில் சில ஹேக்கர்கள், ரவுட்டர்கள் தாமாகத் திறந்து வைத்திருந்த வழியாகப் புகுந்து, உலகெங்கும் ஆயிரக்கணக்கான குரோம்காஸ்ட் டிவிகளில் பியூடிபை என்ற யூடியூபருக்கு ஆள் சேர்த்த கதை நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்தலைகீழ். அங்கே மானம் போனது டிவி வைத்திருந்தவர்களுக்கு, இங்கே அனுப்பினவருக்கு. அந்த நேரம் பார்த்து பேங்க் ஓடிபி வந்திருந்தால் அதையும் ஆச்சி வாசித்திருப்பாள்.

ஆகவே பின் நம்பர், அதுவும் ஒவ்வொரு தடவையும். கம்ப்யூட்டருக்குப் 'பெரியவீடு' என்று பெயரும் மாற்றினேன். அதில் ஒரு சண்டை. எது பெரிய வீடு என்று சித்தப்பா கேட்டுவிட்டார், பாகப்பிரிவினைப் பத்திரம் வரைக்கும் பேச்சு போனது. பெயர் இப்போது 'பட்டாசாலை'. துபாயிலிருந்து வந்த அத்தானின் ஐபோனில் மட்டும் எந்தப் பெயரும் தெரியவில்லை. ஐபோனுக்கு மிராகாஸ்ட் ஆகாது, அதற்கு ஏர்பிளே என்று தனிச் சாதி. "லட்ச ரூவா குடுத்து இதையா வாங்கின?" என்று ஆச்சி கேட்டதில் அவர் மறுநாளே ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெரியப்பாவுக்குத்தான் ஆறவில்லை. "என் வீட்டு கம்ப்யூட்டர், என்னையே யாருன்னு கேக்குது!" என்று தினமும் ஒரு பாட்டம். அண்ணாச்சிக்கு அந்த வருத்தம்கூட இல்லை. எங்கள் திரை அவருடையதைவிடப் பெரிது என்பதால் தசரா வீடியோவை இங்கேதான் போடுகிறார். பின் நம்பர் எங்கள் திரையில்தானே வரும்? வந்து பார்த்து, காபியும் குடித்து, போனில் அடித்துக்கொள்கிறார். அந்நியன் திரைக்கு முன்னால் வந்து நிற்க முடியாது என்ற நம்பிக்கையில் செய்த பூட்டு அது.

இப்போது அவர் அந்த நடையையும் மிச்சப்படுத்திவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார், ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவே கேட்க ஒவ்வொரு எண்ணாக வாசிப்பாள். நேற்று வாசித்து முடித்ததும் மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "கடைசி நம்பர் ஒண்ணா, ஏழா ஆச்சி?"