காற்றுப் பிடுங்குபவர்

தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார் பாருங்கள், அவரேதான். பள்ளி விடுமுறை விட்டதும் பெண்டாட்டி பிள்ளைகளை லேண்ட்குரூசரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைக்குக் கூடாரம் போடக் கிளம்பும் அப்பா. கங்காரு பாய்ந்தாலும் தாங்க முன்பக்கம் இரும்புத் தடுப்பு. ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட, கூரை உயரத்துக்கு ஒரு குழாய். போகிற வழியில் ஆறுகளெல்லாம் காய்ந்து கிடக்கின்றன என்பதைச் சொன்னால் கோபம் வரும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். டயரில் காற்றைப் பிடுங்குகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த முறை அவர் வண்டியில் நானும் இருந்தேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் போகிறது ஊட்னடாட்டா டிராக். பழைய கான் ரயில் ஓடிய தடத்தை ஒட்டிய மண் சாலை. மாரீ ஒரு காலத்தில் ஒட்டகக்காரர்கள் சரக்கு ஏற்றிப்போன ஊர், இறங்கிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நம்மவர் இறங்கியது டயரைப் பார்க்க. முழங்காலிட்டு, வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பித்தளை கேஜை அழுத்துவார். உஸ்ஸ்ஸ்... சுருதி சேர்க்கும் தம்புராக்காரர் மாதிரி தலை ஒரு பக்கம் சாயும். 38 பி.எஸ்.ஐ. இருந்ததை 28க்குக் கொண்டுவர வேண்டும். 27 ஆகிவிட்டால் முகம் வாடிவிடும். நாலு சக்கரமும் முடிந்தபின், சந்தேகத்துக்கு, முதல் சக்கரத்துக்கே திரும்பி வருவார்.

கண்ணாடியை இறக்கினால் ஈ, ஏற்றினால் வேக்காடு. பின் சீட்டில் பிள்ளைகள்.

"அப்பா, கிளம்பலாமா?"

"இதோ, ஸ்டெப்னி ஒண்ணுதான் பாக்கி."

அவர் மனைவி கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. தடிமனான நாவலாகப் பார்த்து எடுத்து வருகிறார்.

அவர் சொல்வது அத்தனையும் சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படிந்து தரையை அதிகம் பிடிக்கும், கூரான கல் பட்டால் வளைந்து கொடுக்கும், அலையலையாய் மேடுபள்ளம் விழுந்த சாலையில் எலும்பு கழலாது. ஆனால் குறைத்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடித்துவிடும். எனவே தார் ரோடு வந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். அதோடு விட்டாரா? ஒரு மணி நேரம் ஓடியபின் அளந்தால் காற்று 4 கூடியிருக்க வேண்டுமாம். அதற்கு மேல் போனால் நாம் வைத்தது குறைவு, கீழே நின்றால் அதிகம். ஆகவே ஒரு மணி நேரத்தில் வண்டி மறுபடி நிற்கும்.

ஐர் ஏரியின் தென்பகுதி சாலையிலிருந்தே தெரிகிறது. அடிவானம் வரை வெள்ளை உப்பு. வடக்குப் பகுதியின் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு சுமார் 15 மீட்டர் கீழே; அந்த நாட்டிலேயே அதைவிடத் தாழ்ந்த இடம் கிடையாது. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அவர் பின் சக்கரத்தருகே குந்தியிருந்தார்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம். பூமிக்கடியிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரில் அமிழ்ந்து கிடக்க ஒரு குளம் உண்டு. எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் அக்கம்பக்கத்து வண்டிகளைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். இந்த ஜாதி ஒருவரையொருவர் பெயர் கேட்டுக்கொள்வதில்லை. "எவ்வளவு வச்சிருக்கீங்க?" "முன்னால 26, பின்னால 28." அவ்வளவுதான், ஆயுள் சிநேகம். இருட்டும் வரை பேசினார்கள். அதற்குள் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, சாசேஜ் வாட்டி, சின்னவனுக்கு ஈரத்துணியால் முகம் துடைத்து, அளந்து வைத்த தண்ணீரில் தட்டு கழுவியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் மட்டும் அந்த மனுஷன்மேல் எனக்குப் பிரியம் வந்தது. காய்ந்த ஓடை மணலில் ஓர் இளம் ஜோடியின் வாடகை வண்டி அச்சு வரை புதைந்து கிடந்தது. பையன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. இவர் கயிறு எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. சக்கரங்களுக்கு முன்னால் மணலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு முழங்காலிட்டார். உஸ்ஸ்ஸ். நாலிலும் 16. "இப்ப மெதுவா எடு தம்பி" என்கிற தோரணையில் கையைக் காட்டினார். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறி வந்தது. அந்தப் பெண் கண் கலங்கி நீட்டிய பீர் பாட்டிலையும் வாங்கவில்லை.

அப்புறம் கம்ப்ரஸரை எடுத்தார். அவர்களுடைய நாலு சக்கரத்துக்கும் காற்றடித்து, கேஜ் வைத்துப் பார்த்து, அடித்ததில் கொஞ்சம் பிடுங்கி, நம்முடையதையும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை பார்த்து... இருட்டியபின்தான் போய்ச் சேர்ந்தோம். கங்காரு நடமாடும் நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவரும் இவரே.

ஐயா, ஒரே ஒரு விண்ணப்பம். காற்றை நீங்களே பிடுங்குங்கள், நீங்களே அடியுங்கள், யாரும் பங்குக்கு வரமாட்டோம். ஆனால் கம்ப்ரஸர் கடகடவென்று ஓடுகிற அந்தக் கால் மணி நேரமும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி சும்மாதானே நிற்கிறீர்கள்? அந்த நேரத்தில் நாலு தட்டைக் கழுவி வையுங்கள்.